எலும்புகளின் சாட்சியம்: பேராக் மனிதனும் பெயரில்லாத் தோட்டத் தமிழனும்

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலிருந்து கேஎல் சென்ட்ரல் நிலையத்தைக் கடந்து சற்று நடந்தால் தேசிய அரும்பொருளகம் வந்துவிடும். 1963-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் தொடக்ககால வரலாற்றுக் கூடத்தில் ஒரு மனிதரின் கதை பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. அவர் பேசிய மொழியும் தெரியாது. ஆனால் அவர் ஆண் என்பது தெரியும். நாற்பது வயதைத் தாண்டியவர், ஏறக்குறைய 157 சென்டிமீட்டர் உயரம், பிறவியிலேயே இடது கை குறைபட்டவர் என்பதெல்லாம் தெரியும். அவர் இறந்து பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவர்தான் 'பேராக் மனிதன்'.

அதே பிரிக்பீல்ட்ஸை ஒட்டிச் செல்லும் இரயில் பாதையில், 1942, 1943-ஆம் ஆண்டுகளில் கூட்ஸ் வண்டிகள் வடக்கு நோக்கிப் போயின. சிலாங்கூர் தோட்டங்களிலும் மற்ற மாநிலத் தோட்டங்களிலும் பால்மரம் வெட்டிய தமிழர்களை ஏற்றிக்கொண்டு அவை சயாமுக்குப் போயின. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்கள் இறந்து இன்னும் நூறாண்டுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர்களில் ஒருவருடைய எலும்பைக் காட்டி, 'இவர் இன்ன தோட்டத்து இன்னார்' என்று சொல்ல இன்று வழியில்லை.

பத்தாயிரம் ஆண்டுக்கு முந்திய ஒருவரைப் பற்றி இவ்வளவு தெரிகிறது. எண்பது ஆண்டுக்கு முந்திய நம் பாட்டனைப் பற்றி ஏன் ஒன்றும் தெரியவில்லை? மனித எலும்பைப் படிக்கும் கலை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று புரிந்துகொண்டால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

எலும்பு என்னும் பதிவேடு

வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தைக்கு அதைவிட அதிகம். ஏறக்குறைய 300 துண்டுகள் வரை இருக்கும். குழந்தை வளர வளர அவை ஒன்றோடொன்று இணைந்து எண்ணிக்கை குறைகிறது. வயதைக் கண்டுபிடிக்கும் முதல் திறவுகோல் இந்த இணைப்பில்தான் இருக்கிறது.

குழந்தைகளுக்கும் இளையவர்களுக்கும் பற்களே வயது சொல்லும். எந்தப் பல் முளைத்திருக்கிறது, எந்தப் பல்லின் வேர் முடிந்திருக்கிறது என்று பார்த்தாலே வயதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். பதின்ம வயதுக்குப் பிறகு கை, கால் எலும்புகளின் நுனிகள் ஒவ்வொன்றாகத் தண்டோடு ஒட்டிக்கொள்கின்றன. கடைசியாக ஒட்டுவது கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்பின் உள்நுனி. அது முழுமையாக ஒட்ட இருபதுகளின் பிற்பகுதி ஆகிவிடும். அதற்கு மேற்பட்ட வயதென்றால் இடுப்பெலும்பின் முன்பக்க மூட்டின் தேய்மானம் போன்றவற்றைக் கொண்டுதான் கணிக்க வேண்டும். அங்கே 'முப்பத்தேழு வயது' என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. 'முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில்' என்றுதான் நேர்மையான ஆய்வாளர் சொல்வார்.

ஆணா பெண்ணா என்பதை இடுப்பெலும்பு சொல்லும். பிள்ளை பெறும் உடல் என்பதால் பெண்ணின் இடுப்புக் கூடு அகன்றும், முன்புறக் கோணம் விரிந்தும் இருக்கும். இடுப்பு கிடைக்காவிட்டால் மண்டையோட்டின் புருவ மேடு, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு முடிச்சு, தாடை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பருவமடையாத பிள்ளைகளின் எலும்பில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியாது.

உயரத்தைத் தொடை எலும்பு சொல்லும். அதன் நீளம் ஒருவரின் உயரத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகம். 1899-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ல் பியர்சன் இதற்கொரு கணக்கு முறை வகுத்தார். 1952-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்ட்ரெட் டிராட்டரும் கோல்டின் கிளெசரும் போரில் இறந்த வீரர்களின் எலும்புகளை அளந்து அதை மேலும் செம்மைப்படுத்தினார்கள். அந்த வீரர்களின் உயரம் படையில் சேர்ந்த நாளிலேயே பதிவாகியிருந்தது. அதனால்தான் எலும்பின் நீளத்தையும் உயிரோடு இருந்தபோதைய உயரத்தையும் ஒப்பிட முடிந்தது. பதிவு இருந்ததால்தான் எலும்பு பேசியது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும்.

ஓரினத்துக்கு வகுத்த கணக்கு இன்னோரினத்துக்கு அப்படியே பொருந்தாது. அமெரிக்கர்களை அளந்து போட்ட கணக்கைக் கிள்ளானில் கிடைக்கும் எலும்புக்குப் போட்டால் உயரம் தவறாகிவிடும். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பல இனத்தவர் வாழும் இந்நாட்டில் தனித்தனி அளவைகள் வேண்டியிருக்கின்றன. மருத்துவமனைகளில் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேன் படங்களைக் கொண்டு மலேசிய ஆய்வாளர்கள் இத்தகைய அளவைகளை உருவாக்கி வருகிறார்கள்.

முறிவுகளும் பேசும். உயிரோடிருந்தபோது முறிந்து ஆறிய எலும்பின் விளிம்பில் புது எலும்பு வளர்ந்து மழுங்கியிருக்கும். சாகும் தறுவாயில் முறிந்தால் ஆறிய தடம் இருக்காது. பச்சை மரக்கிளை ஒடிந்தது போல விளிம்பு கூராக இருக்கும். புதைந்து உலர்ந்த பின் மண்வெட்டி பட்டு உடைந்தால், காய்ந்த சுள்ளி போல் நொறுங்கும். உடைந்த இடம் மற்றப் பகுதியைவிட வெளிர் நிறமாக இருக்கும். ஒரு கொலை வழக்கின் தீர்ப்பே இந்த வேறுபாட்டில் தொங்கலாம்.

ஆனால் எலும்பு ஊமையாகிவிடும் இடமும் உண்டு. வாந்திபேதி கண்டு இரண்டு நாளில் இறந்தவனின் எலும்பில் அந்த நோயின் தடம் இராது. சீதபேதியும் காய்ச்சலும் அப்படித்தான். நெடுநாள் பசியும் சோகையும் மட்டும் பல்லின் எனாமலிலும் கண்குழியின் மேற்கூரையிலும் சில நேரங்களில் கோடாகவும் துளைகளாகவும் பதிந்திருக்கும்.

கிள்ளானின் 'குரங்கு எலும்பு'

எலும்பு பேச வேண்டுமானால் முதலில் அது மண்ணில் பிழைத்திருக்க வேண்டும். மலேசிய மண்ணும் மழையும் எலும்புக்கு எதிரிகள். இங்குள்ள செம்மண் அமிலத்தன்மை உடையது. அது எலும்பிலுள்ள சுண்ணச் சத்தைக் கரைத்துவிடும்.

கோல லங்காட் மாவட்டத்தில், பந்திங்கை அடுத்த கம்போங் சுங்கை லாங்கில் 1960-களில் இரண்டு வெண்கல முரசுகள் கிடைத்தன. ஒரு பலகையின்மீது அவை வைக்கப்பட்டிருந்தன. அது யாரோ ஒரு பெரியவரைப் புதைத்த இடம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். முரசு தப்பியது. முரசுக்குரியவரின் எலும்பு எஞ்சவில்லை. கிள்ளானில் கிடைத்த பழைய வெண்கல மணி ஒன்று இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதை அடித்தவர் யார் என்று சொல்லவும் ஓர் எலும்பு இல்லை.

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. சிலாங்கூர், பேராக், பகாங் பகுதிகளில் நிலத்தை வெட்டும்போது நீண்ட காம்புடைய பழங்கால இரும்புக் கருவிகள் கிடைப்பதுண்டு. துருவேறிய அவற்றைக் கண்ட கம்பத்து மக்கள், ஏதோ ஒரு பெரிய வாலில்லாக் குரங்கின் எலும்பு என்று எண்ணி 'தூலாங் மாவாஸ்' என்று பெயரிட்டார்கள். மாவாஸ் என்றால் ஓராங் ஊத்தான். எலும்பு இல்லாத மண்ணில் இரும்பே எலும்பாகிவிட்டது.

ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் உண்மை அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இன்று தீபகற்ப மலேசியாவின் காடுகளில் ஓராங் ஊத்தான் இல்லை. ஆனால் தைப்பூசத்துக்கு இலட்சக்கணக்கானோர் கூடும் பத்துமலையின் சுண்ணாம்புக் குகைப் படிவுகளில் ஏறக்குறைய 60 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஓராங் ஊத்தான் பற்கள் கிடைத்தன. 2013-ஆம் ஆண்டு அந்தக் கண்டுபிடிப்பு வெளியிடப்பட்டது. பத்துமலை சுண்ணாம்புப் பாறை. அது அமிலத்தை முறித்து எலும்பையும் பல்லையும் காக்கும். செம்மண் அழித்ததைச் சுண்ணாம்பு காத்தது.

கை குறைபட்டவருக்குக் கிடைத்த மரியாதை

பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கிலுள்ள குவா குனோங் ருந்தோவும் சுண்ணாம்புக் குகைதான். 1990-களின் தொடக்கத்தில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சுரைனா மஜித் தலைமையிலான குழு அங்கே அகழாய்வு செய்தபோது பேராக் மனிதனின் எலும்புக்கூடு ஏறத்தாழ முழுமையாக வெளிப்பட்டது. கருவறைக் குழந்தை போல் கால்களை மடக்கிப் படுக்க வைக்கப்பட்டிருந்தார். சுற்றிலும் ஆற்று நத்தை ஓடுகளும், விலங்கிறைச்சிப் படையலின் எலும்புகளும், கற்கருவிகளும் இருந்தன.

அவருடைய விரல் எலும்புகளைப் பார்த்த ஆய்வாளர்கள் நடு எலும்புகள் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். அது பிறவியிலேயே வரும் ஒரு குறைபாடு. இடது கை வலது கையைவிடச் சிறியது. முதுகும் வளைந்திருந்தது. வேட்டையாடிப் பிழைக்கும் கூட்டத்தில் இப்படிப் பிறந்த ஒருவர் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். இறந்தபின் சிறப்போடு புதைக்கப்பட்டிருக்கிறார். அவருடைய கூட்டத்தார் அவரைக் கைவிடவில்லை என்பதை அந்தச் சிறு விரல் எலும்புகள்தாம் இன்று சொல்கின்றன.

2012-ஆம் ஆண்டு லெங்கோங் பள்ளத்தாக்கு யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமாயிற்று. அண்மை ஆண்டுகளில் கிளந்தானின் நெங்கிரிப் பள்ளத்தாக்குக் குகைகளில், நீர்மின் அணை கட்டப்படுவதற்கு முன் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டியபோது பத்துக்கும் மேற்பட்ட தொல்மனிதர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. அவற்றுள் சில பேராக் மனிதனைவிடப் பழைமையானவை என்று கூறப்படுகிறது.

தமிழர்களுக்கும் இந்தக் கதை புதிதல்ல. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். முதுமக்கள் தாழிகளில் எலும்புகள் வந்தன. 2004-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. கீழடியை அடுத்த கொந்தகை இடுகாட்டுத் தாழிகளில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து முகங்களை மீட்டுருவாக்கின. 2025-ஆம் ஆண்டு அந்தப் படங்கள் வெளியானபோது உலகத் தமிழர்கள் ஆவலோடு பார்த்தார்கள். எலும்பின் மேல் தசை எவ்வளவு தடிமன் இருக்கும் என்பதை அளந்தறிந்து முகம் வரைகிறார்கள். கண்ணின் நிறமும் தோலின் நிறமும் எலும்பில் இல்லை. அவை ஊகமே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தொல்லியல் தூரிகையும் நீதிமன்றமும்

பழங்காலக் கல்லறையைத் திறக்கும் அதே முறைதான் கொலையுண்டவர் புதைந்த குழியைத் திறக்கவும் வேண்டும். மண்வெட்டியால் வாரிக் கொட்டினால் எந்தக் கை எந்த உடலுக்குரியது என்றே தெரியாமல் போகும். எலும்பு கிடந்த நிலை, ஆழம், பக்கத்தில் கிடந்த பொத்தான், செருப்பு, தாயத்து எல்லாமே சாட்சிகள். 1984-ஆம் ஆண்டு அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி காணாமற்போகச் செய்தவர்களைத் தேட அமெரிக்க எலும்பியல் அறிஞர் கிளைட் ஸ்னோ சென்றபோது, தொல்லியலும் மானிடவியலும் மருத்துவமும் படித்த இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்கள்தாம் பின்னர் உலகின் பல நாடுகளுக்குச் சென்று புதைகுழிகளை ஆராய்ந்தார்கள்.

இலங்கையில் மன்னார் நகரில் 2018-ஆம் ஆண்டு கட்டடம் ஒன்றுக்கு அத்திவாரம் வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவாவும் சட்ட மருத்துவ அதிகாரியும் சேர்ந்து நடத்திய அகழ்வில் குழந்தைகள் உட்பட 300-க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. போர்க் காலத்தில் காணாமற்போன தங்கள் பிள்ளைகளோ என்று தாய்மார்கள் காத்திருந்தார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பிய மாதிரிகளின் கரிமக் காலக் கணிப்பு 2019-இல் வந்தது. 1404-க்கும் 1635-க்கும் இடைப்பட்ட காலம் என்றது. சில மாதிரிகளை வைத்து முந்நூறு பேருக்கும் காலம் சொல்லலாமா என்ற கேள்வியைக் குடும்பத்தார் எழுப்பினார்கள். 2025-ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் செம்மணியில் நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றோடு ஒரு பள்ளிப் பையும் கிடைத்தது. எலும்பை ஆராயும் ஒருவருக்குக் கை நடுங்கக்கூடாது. ஆனால் ஒரு தாயின் கேள்வியை மறக்கவும் கூடாது.

மலேசியாவும் இதைக் கண்டது. 2015-ஆம் ஆண்டு மே மாதம் பெர்லிஸ் மாநிலத்தின் வாங் கெலியான் மலைப் பகுதியில், தாய்லாந்து எல்லையோரம் ஆட்கடத்தல்காரர்களின் 28 முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. ரோஹிங்யாக்களும் வங்காளதேசத்தவரும் அங்கே அடைக்கப்பட்டிருந்தனர். தோண்டி எடுக்கப்பட்ட எச்சங்கள் தடயவியல் மருத்துவர்களின் கைக்குப் போயின. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெயரின்றியே மீண்டும் மண்ணுக்குள் சென்றார்கள்.

அதற்கு முந்திய ஆண்டு, 2014 ஜூலையில், எம்.எச். 17 விமானம் உக்ரேன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் மாண்டார்கள். அவர்களில் 43 பேர் மலேசியர்கள். சிதறிய எச்சங்கள் நெதர்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. மலேசிய வல்லுநர்களும் அங்கே சென்று பணியாற்றினார்கள். பற்களின் பதிவு, கைரேகை, மரபணு ஆகிய மூன்றையும் வைத்து ஒப்பிட்டு, இருவரைத் தவிர அனைவரும் அடையாளம் காணப்பட்டனர்.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாங் கெலியானில் கிடைத்த எலும்புகளும் எலும்புகள்தாம். ஆணா, பெண்ணா, என்ன வயது என்று மருத்துவரால் சொல்ல முடியும். ஆனால் பெயர் சொல்ல முடியவில்லை. ஏன்? விமானத்தில் ஏறியவர்களுக்குப் பயணிகள் பட்டியல் இருந்தது. பல் மருத்துவரிடம் படம் இருந்தது. மரபணு கொடுக்கக் குடும்பம் இருந்தது. படகில் ஏற்றிக் காட்டுக்குள் கடத்தப்பட்டவனுக்கு இவை எதுவுமே இல்லை.

எலும்பு அடையாளத்தைத் தரும், பெயரைத் தராது. பெயர் தர வேண்டுமானால் உயிரோடிருந்த காலத்துப் பதிவு ஒன்றாவது, அல்லது தேடி வரும் உறவு ஒன்றாவது வேண்டும். இந்தப் படிப்பின் அடிப்படையே இதுதான்.

சயாம் பாதையில் இரண்டு நியாயம்

இந்தப் பாடத்தோடு சயாமுக்குப் போவோம். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட சயாம்-பர்மா இரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். ஜப்பானியர் அதற்காக நேச நாடுகளின் போர்க் கைதிகள் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வேலை வாங்கினார்கள். அவர்களில் 12 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப்போல் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் ஏறக்குறைய 75 ஆயிரம் பேர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். 'சம்பளம் உண்டு, சில மாதத்தில் திரும்பலாம்' என்ற வாக்கை நம்பிப் போனவர்கள் உண்டு. பெரட்டுக் களத்திலிருந்தும் சாலையிலிருந்தும் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் உண்டு. 1943 மழைக் காலத்தில் முகாம்களில் வாந்திபேதி பரவியபோது கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். சிலரைக் குழியில் தள்ளி மூடினார்கள். சிலரை எரித்தார்கள்.

போர் முடிந்ததும் 1945-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களிலேயே ஒரு குழு அந்தப் பாதை நெடுகச் சென்றது. போர்க் கைதிகளின் கல்லறைகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தேடிக் கண்டுபிடித்தது. பின்னர் அந்த எச்சங்கள் காஞ்சனாபுரி, சுங்காய், பர்மாவின் தன்பியூசயாட் ஆகிய மூன்று மயானங்களுக்கு மாற்றப்பட்டன. காஞ்சனாபுரி மயானத்தில் மட்டும் ஏறக்குறைய 7 ஆயிரம் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு, வயது உண்டு, படைப்பிரிவு உண்டு.

அது எப்படி முடிந்தது? பட்டியல் இருந்தது. ஒவ்வோர் இறப்பையும் கைதி முகாமின் அதிகாரிகள் ஜப்பானியருக்குத் தெரியாமல் எழுதி வைத்தார்கள். எந்தக் கல்லறை எங்கே என்று வரைபடம் போட்டு ஒளித்து வைத்தார்கள். தலைமாட்டில் சிலுவை நட்டுப் பெயர் பொறித்தார்கள். படைவீரன் என்பதால் அவனுக்கு எண் உண்டு, உயரம் உண்டு, பல்லின் குறிப்பு உண்டு. தேடுவதற்கு ஓர் அரசும் இருந்தது.

தோட்டத் தமிழனுக்கு இவை எதுவும் இல்லை. தோட்டத்து 'செக்ரோல்' ஏட்டில் அவன் பெயர் இருந்திருக்கும். சயாமில் அவன் வெறும் தலைக்கணக்கு. எழுதி வைக்க அதிகாரி இல்லை. சிலுவையோ நடுகல்லோ வைக்க ஆள் இல்லை. தேட அரசும் இல்லை. காஞ்சனாபுரி நகரில் 1990-ஆம் ஆண்டு ஒரு பெரும் புதைகுழி வெளிப்பட்டு நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வந்தபோதுகூட, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பட்டியலும் கையில் இல்லை. அந்நகரின் வாட் தாவோன் ஆலய வளாகத்தில், பெயரறியாத ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்களுக்கு மேல் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. 2024-ஆம் ஆண்டு அதே வளாகத்தில் தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் எழுப்பப்பட்டது. எட்டு தசாப்தங்கள் கழித்து வந்த மரியாதை அது. கல் உண்டு, அதில் பொறிக்கப் பெயர்கள்தாம் இல்லை.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பேராக் மனிதனை அவர் கூட்டத்தார் கவனத்தோடு புதைத்தார்கள். சுண்ணாம்பு காத்தது. ஆய்வாளர்கள் தூரிகையால் எடுத்தார்கள். தோட்டத் தமிழனை அவசரமாகத் தள்ளினார்கள். காட்டு மண் தின்றது. எஞ்சியவை கலந்து போயின. எலும்பின் வயது இதில் பெரிதல்ல. அவனை மனிதனாக மதித்து வைத்தார்களா என்பதே பெரிது.

அலமாரியில் தொங்கும் எலும்புக்கூடு

இதே கேள்வியை மருத்துவக் கல்லூரிகளின் எலும்பு அலமாரிகளிடமும் கேட்கலாம். 1985-ஆம் ஆண்டு இந்திய அரசு மனித எலும்பு ஏற்றுமதியைத் தடை செய்யும்வரை, உலகின் மருத்துவ மாணவர்கள் தொட்டுப் படித்த உண்மையான எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவை கல்கத்தா வழியாகச் சென்றவை. அவை ஏழைகளின் எலும்புகள். கேட்பாரற்றுக் கிடந்த பிணங்களிலிருந்தும், சில வேளை சுடுகாட்டிலிருந்து திருடப்பட்டும் எடுக்கப்பட்டவை. எத்தனையோ உயிர்களைக் காக்கும் அறிவை அவை தந்தன. ஆனால் அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இன்று நிலை மாறி வருகிறது. மலாயாப் பல்கலைக்கழகம் 2012-இல் தொடங்கிய 'சைலண்ட் மென்டார்' திட்டத்தில், தாங்களே முன்வந்து உடலைத் தானம் செய்தவர்களை 'மௌன ஆசான்' என்று மதித்து, அவர்கள் யார், எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிந்த பின்னரே மாணவர்கள் கற்கிறார்கள். பாடம் முடிந்ததும் உரிய இறுதிச் சடங்கு நடக்கிறது. பெயரோடு வந்தவர் பெயரோடு போகிறார்.

தமிழர் வீடுகளில் எலும்பென்றால் ஒரு தயக்கம் உண்டு. சுடலையில் தகனம் முடிந்து, மறுநாள் எலும்பும் சாம்பலும் அள்ளி, கிள்ளான் கடலோரத்திலோ மோரிப் கரையிலோ கரைத்தால்தான் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் நாம். அந்த நம்பிக்கைக்கும் இந்தப் படிப்புக்கும் பகையில்லை. அஸ்தி கரைக்க முதலில் அஸ்தி கிடைக்க வேண்டும். அது தன் தகப்பனுடையது என்று தெரிய வேண்டும். சயாமுக்குப் போனவர்களின் மனைவிமார் பலர், தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலே கிழவிகளாகி மறைந்தார்கள். சாவுக்கும் ஒரு சாட்சி வேண்டும்.

இனி செய்ய இருப்பது

இந்தத் துறையைக் கற்க இந்நாட்டிலேயே வழிகள் உண்டு. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் உலகத் தொல்லியல் ஆய்வு மையத்தில் தொல்லியல் படிக்கலாம். தேசியப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் வளாகத்திலும், அறிவியல் பல்கலைக்கழகத்தின் கிளந்தான் வளாகத்திலும் தடயவியல் படிப்புகள் உண்டு. கோலாலம்பூர் மருத்துவமனையில் தேசியத் தடயவியல் மருத்துவக் கழகம் இயங்குகிறது. பிள்ளைகளை மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் அனுப்பத் துடிக்கும் பெற்றோர், இரண்டையும் இணைக்கும் இந்தத் துறையைப் பற்றியும் ஒரு முறை விசாரித்துப் பார்ப்பது நல்லது.

ஆனால் படிக்காதவர்களும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எலும்புக்குப் பெயர் தருவது பட்டியலும் உறவும் என்று பார்த்தோம். அந்தப் பட்டியல் எந்த அலுவலகத்திலும் இல்லை. அது கிள்ளானிலும் காஜாங்கிலும் பந்திங்கிலும் உள்ள வீடுகளில், எண்பதையும் தொண்ணூறையும் தொட்ட பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. எந்தத் தோட்டம், என்ன பெயர், போனபோது என்ன வயது, நெட்டையா குட்டையா, முன்பல் உடைந்திருந்ததா, கை ஒடிந்து ஆறியிருந்ததா, காதில் கடுக்கன் இருந்ததா என்ற விவரங்களைக் கேட்டு எழுதி வைக்கலாம். 'சின்ன வயசில மரத்திலேருந்து விழுந்து அப்பாவுக்குக் கை கோணிப்போச்சு' என்று ஒரு பாட்டி சொல்லும் ஒரு வரி, எலும்பியல் அறிஞருக்கு நூறு பக்க ஆவணத்துக்குச் சமம்.

மரண இரயில்பாதை ஆர்வலர் குழு போன்ற அமைப்புகள் உயிர் பிழைத்தவர்களின் வாய்மொழியைத் திரட்டிப் பாடுபட்டு வந்திருக்கின்றன. அந்தப் பணியில் ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கைச் சேர்க்கலாம். மரபணு ஒப்பீட்டுக்குப் பேரனைவிட மகனும் மகளும் சிறந்த சாட்சிகள். 1943-இல் கைக்குழந்தையாக இருந்தவருக்கே இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. மண்ணுக்கடியில் உள்ளது இன்னும் சில காலம் காத்திருக்கும். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சாட்சி அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

பெயர் தெரியாத பேராக் மனிதனுக்கு ஒரு நாடே அருங்காட்சிக் கூடத்தில் இடம் கொடுத்திருக்கிறது. பெயரோடு பிறந்து, பெயரோடு இரயில் ஏறி, பெயரில்லாமல் மறைந்த தோட்டத் தமிழனுக்குக் குறைந்தது ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் இடம் கொடுக்க அவனுடைய பேரப்பிள்ளைகளால் முடியும். அடுத்த முறை சயாம் காட்டில் ஒரு மண்வெட்டி எலும்பில் மோதும்போது, அந்தப் பக்கம் தேவைப்படலாம்.